சிறுநீரகக் கல் பகுப்பாய்வுக்குத் தரக்கட்டுப்பாடு எப்படி அமைப்பது?

குடுவை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் நடுத்தர ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மாதத்துக்கு 30, 40 சிறுநீரகக் கற்கள் வருகின்றன. முன்பு கல்லை அமிலத்தில் கரைத்து நிறமாற்றம் பார்க்கும் வேதிச் சோதனையைத்தான் செய்துவந்தோம். இரண்டு ஆண்டுகளாக, பொருள் எந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுகிறது என்று நிறமாலையாகப் பதிவு செய்யும் எஃப்.டி.ஐ.ஆர். கருவியை, மாதிரியை வைர முனையில் நேரடியாக வைத்துப் படிக்கும் ஏ.டி.ஆர். இணைப்புடன் பயன்படுத்துகிறோம். கல்லிலிருந்து ஒரு சில்லை எடுத்து, வைர முனையின் மீது வைத்து அழுத்தி, கருவியோடு வந்த நிறமாலைத் தொகுப்புடன் ஒப்பிட்டு, பட்டியலில் முதலில் வரும் பெயரை அறிக்கையில் எழுதுகிறோம்.

சென்ற மாதம் மருத்துவர் ஒருவர் ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எங்களுக்கும் மறுபாதியை வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பியிருக்கிறார். நாங்கள் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் 100 விழுக்காடு என்று எழுதினோம். அவர்களோ அதனுடன் கார்பனேட் அபடைட் (ஒருவகைக் கால்சியம் பாஸ்பேட்) 20 விழுக்காடு இருப்பதாக எழுதியிருந்தார்கள். எங்கள் திரையில் பொருத்தம் மிக உயர்வாகவே காட்டியது.

குளுக்கோசுக்கும் கிரியாட்டினினுக்கும் காலையில் அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு சீரத்தை ஓட்டி, அன்றாட மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டும் லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறோம். கல்லுக்கு அப்படி எதுவும் எங்களிடம் இல்லை. விடையாக வருவது எண் அல்ல, பெயர். அதற்கு எப்படித் தரக்கட்டுப்பாடு வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

படிகம்:

வணக்கம் ஐயா. உங்கள் கருவியில் பழுது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதிரி எடுத்த விதத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. ஏ.டி.ஆர். முறையில் அகச்சிவப்புக் கதிர் மாதிரிக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழம்தான் செல்லும். சில்லை அப்படியே வைத்து அழுத்தினால், வைரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த முகத்தை மட்டுமே நீங்கள் படிக்கிறீர்கள். கால்சியம் ஆக்சலேட் கற்கள் பல, சிறுநீரகக் காம்பு முனையில் படியும் அபடைட்டின் மேல் வளர்பவை. 1930களில் அலெக்சாண்டர் ரான்டல் விவரித்ததால் அந்தப் படிவுக்கு ரான்டல் திட்டு என்றே பெயர். எனவே வெளி ஓட்டிலிருந்து எடுத்த சில்லில் ஆக்சலேட் மட்டும் தெரிவதும், மறுபாதியை முழுவதுமாக அரைத்தவர்களுக்கு அபடைட் தென்படுவதும் எதிர்பார்க்க வேண்டியதே. இரண்டு அறிக்கைகளும் தத்தம் மாதிரிக்கு உண்மையாக இருந்திருக்கலாம்.

கல் வந்தவுடன் நீரில் கழுவி உலர்த்தி, எடை, நிறம், மேற்பரப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து வையுங்கள். பிறகு குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் கரு, உடல், மேலோடு ஆகியவற்றைத் தனித்தனியே சுரண்டி அரையுங்கள். லேசரில் உடைந்து தூளாக வரும் கல்லில் இது இயலாது. அப்போது தூள் முழுவதையும் சீராகக் கலந்து அரைத்து, கருவைப் பிரித்தறிய முடியவில்லை என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுவது நேர்மையான வழி. உலர்த்துவதற்கு அதிக வெப்பம் கூடாது. ஸ்ட்ரூவைட் (மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்) சூட்டில் நீரையும் அம்மோனியாவையும் இழந்து உருக்குலைந்துவிடும். நீங்கள் தேடும் பொருளை நீங்களே அழித்ததாகிவிடும். ஃபார்மலினில் போட்டு அனுப்பப்படும் கற்களை ஏற்க வேண்டாம் என்று அறுவை அரங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வேதிச் சோதனையைக் கைவிட்டது சரியான முடிவு. ஜெர்மனியில் ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் சுற்றுச் சோதனை, கற்களுக்காகவே 1980 முதல் நடந்துவருகிறது. 2001 வரை நடந்த 44 சுற்றுகளின் முடிவுகளை பான் நகரைச் சேர்ந்த ஹெஸ்ஸெ குழுவினர் 2005இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பங்கேற்றவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் வேதிமுறையில்தான் செய்தார்கள். 2001இல் அவர்களின் பங்கு 13 விழுக்காடாகச் சுருங்கியது. பிழைகள் சுற்றுக்குச் சுற்று வெளிப்படையாகத் தெரிந்ததும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். கற்களுக்கான வெளித்தர மதிப்பீடு உங்களுக்கு எட்டவில்லையென்றால், உங்களுக்கு மறுபாதியை அளந்து தந்த அந்த ஆய்வகத்துடனேயே ஆண்டுக்கு இருமுறை மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். முறையான திட்டம் இல்லாத இடத்தில் அத்தகைய மாற்று வழியை மருத்துவ ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தர நெறியான ஐ.எஸ்.ஓ. 15189 ஏற்கிறது.

நிறமாலை:

படிகம் ஐயா மாதிரியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். நான் கருவியையும் படிக்கும் கண்ணையும் பற்றிச் சொல்கிறேன். முகடுகளின் இடம் முன்பே தெரிந்த பாலிஸ்டைரீன் நெகிழிப் படலத்தை ஒவ்வொரு நாளும் ஓட்டி, 1601 அலை எண்ணில் (நிறமாலையின் கிடை அச்சில் உள்ள அளவு) வரும் முகடு இடம் மாறாமல் இருக்கிறதா என்று பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுக்கு உங்கள் பழைய வரைபடத்தாளே போதும். ஆனால் அது கருவி நலமாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று; விடை சரி என்பதற்குச் சான்றாகாது.

விடைக்கான கட்டுப்பாட்டை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். தூய கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட், அபடைட், யூரிக் அமிலம், சிஸ்டின் ஆகியவற்றை வாங்கி, எடையிட்டுக் கலந்து, 90க்கு 10, 80க்கு 20, 60க்கு 40 என்ற விகிதங்களில் சிறு குப்பிகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குப்பியைத் தேர்ந்து நோயாளியின் மாதிரியைப் போல எண்ணிட்டு வரிசையில் சேர்க்க வேண்டும். நிறமாலையைப் படிப்பவருக்கு அது தெரியக்கூடாது. கிடைக்கும் விடைகளை மூன்று மாதங்கள் தொகுத்தால், எந்தக் கலவையில் எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே உங்கள் கண் தவறுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே எண் எழுதாதீர்கள்.

திரையில் வரும் பொருத்த மதிப்பெண்ணை நம்பி ஏமாற வேண்டாம். பெரும்பங்கான பொருள் பொருந்திவிட்டாலே மதிப்பெண் உயர்ந்துவிடும்; சிறுபங்கு அதற்குள் மறைந்துகொள்ளும். முதல் பொருளின் நிறமாலையைக் கழித்துவிட்டு எஞ்சுவதைப் பாருங்கள்: 1035 அருகே மேடு எஞ்சினால் அபடைட்டை நினையுங்கள், 1123 அருகே எஞ்சினால் யூரிக் அமிலத்தை. மோனோஹைட்ரேட்டா டைஹைட்ரேட்டா என்ற ஐயம் வந்தால் 3000 முதல் 3500 வரையுள்ள பகுதியைப் பாருங்கள். முன்னதற்குத் தனித்தனி முகடுகள் இருக்கும், பின்னதற்கு அகன்ற ஒரே மேடு. மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து அழுத்திய வில்லையில் செய்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் ஈரம் உறிஞ்சிய புரோமைடும் இதே பகுதியில் மேடு காட்டும். இன்னொன்று: வில்லையில் பதிவான தொகுப்புடன் ஏ.டி.ஆர். நிறமாலையைத் திருத்தமின்றி ஒப்பிடக்கூடாது, இரண்டிலும் முகடுகளின் உயர விகிதம் வேறுபடும். உங்கள் தொகுப்பு எந்த முறையில் பதிவானது என்று முதலில் கேட்டறியுங்கள்.

நெஃப்ரான்:

நான் மருத்துவன். அறிக்கையில் உள்ள ஒரு பெயரை நம்பி நாங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்து எழுதுகிறோம் என்பதை ஆய்வக நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். யூரிக் அமிலம் என்று வந்தால் சிறுநீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுவர முயல்கிறோம். அந்தக் கல் உண்மையில் கால்சியம் பாஸ்பேட்டாக இருந்தால், அதே மருத்துவம் கல்லை வளர்க்கக்கூடும்.

என்னிடம் வந்த இளைஞர் ஒருவருக்கு, வேதிச் சோதனையில் யூரிக் அமிலக் கல் என்று இருமுறை அறிக்கை வந்திருந்தது. காரமாக்கியும் கற்கள் நிற்கவில்லை. மூன்றாவது கல்லை அகச்சிவப்பு முறையில் பார்த்தபோதுதான் அது 2,8-டைஹைட்ராக்சி அடினின் என்று தெரிந்தது. ஏ.பி.ஆர்.டி. நொதிக் குறைபாட்டால் வரும் பரம்பரை நோய் அது. அல்லோபியூரினால் கொடுத்தால் கட்டுக்குள் வரும். அதற்குள் அவருடைய சிறுநீரகங்கள் பெருமளவு திறனை இழந்துவிட்டிருந்தன. இன்றும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆகவே உங்கள் குப்பி வரிசையில் அந்தப் பொருளையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுகளில் ஒருமுறைதான் வரும் என்றாலும், அந்த ஒருமுறை உங்கள் கண்ணுக்கு அது பழகியிருக்க வேண்டும்.

குடுவை:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கல்லை வெட்டி, அரைத்துப் பார்க்கும் முறைக்கு இந்த வாரமே மாறுகிறோம். பழைய நிறமாலைகள் அனைத்தும் கணினியில் இருக்கின்றன. அவற்றை மீண்டும் படித்தால் போதுமா, அல்லது கற்களையே மறுபடி பகுப்பாய வேண்டுமா?

படிகம்:

நிறமாலையை மீண்டும் படிப்பதால், தொகுப்பு தவறவிட்ட சிறுபங்குகள் மட்டுமே கிடைக்கும். சில்லின் முகத்தில் இல்லாதது நிறமாலையிலும் இராது. மீதித் துண்டுகளைப் பாதுகாத்து வைத்திருந்தால், மீண்டும் மீண்டும் கல் வந்த நோயாளிகள், குழந்தைகள், யூரிக் அமிலம் என்று அறிக்கை பெற்றவர்கள் ஆகியோரின் கற்களை முதலில் எடுத்து அரைத்துப் பாருங்கள். விடை மாறினால், திருத்திய அறிக்கையை மருத்துவருக்கு அனுப்பி, தொலைபேசியிலும் தெரிவித்துவிடுங்கள்.