கோழிக்கு அஞ்சு விரல், காலில் இறகு: முட்டைக்குள் யார் தீர்மானிக்கிறது?

நிபோங் திபால் கோழிக்காரன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால பத்துப் பன்னிரண்டு கம்போங் கோழி வளர்க்கிறேன். நண்பர் கொடுத்த நாலு சில்கி (பஞ்சு மாதிரி இறகுள்ள கோழி இனம்) முட்டையையும் சேர்த்து அடை வெச்சேன். நாலாம் நாள் ராத்திரி கைப்பேசி வெளிச்சத்துல பார்த்தா எல்லாமே ஒரே மாதிரி. சிலந்தி காலை விரிச்ச மாதிரி சிவப்பு நரம்பு, நடுவுல கரும்புள்ளி. 21ஆம் நாள் பொரிஞ்சதும்தான் வித்தியாசம்: கம்போங் குஞ்சுக்கு வழுவழு கால், நாலு விரல். சில்கிக்குக் காலெல்லாம் பொசுபொசு, விரல் அஞ்சு!

ஒரு குஞ்சோட எல்லா செல்லுலயும் அதே மரபணுக்கள்தானாம். அப்புறம் இது இறக்கை, இது கால்னு எப்படிப் பிரியுது? அப்பா காலத்துல தோட்டத்துப் பெரட்டுல (காலையில வேலையாள் கூடுற இடம்) தண்டல், அதாவது மேற்பார்வையாளர், நின்னு ஆளுக்கொரு நிரை பிரிச்சுக் கொடுப்பார். முட்டைக்குள்ள ஏது தண்டல்?

செந்தூல் டீச்சர்:
இருக்காரே அண்ணே, அவரும் மரபணுதான். எல்லா செல்லுலயும் எல்லாம் இருக்கும். எது முழிச்சிருக்கு, எது தூங்குதுங்கறதுதான் கணக்கு. மூணாம் நாள் வாக்குல உடம்போரம் நாலு மொட்டு புடைக்கும். இறக்கையாகப் போற முன் மொட்டுல டிபிஎக்ஸ்5ங்கற மரபணு முழிக்கும், காலாகப் போற பின் மொட்டுல பிட்எக்ஸ்1, டிபிஎக்ஸ்4. இவை உண்டாக்கும் புரதம் டிஎன்ஏவுல போய் ஒட்டி, மத்த மரபணுக்களை எழுப்பும், அடக்கும். 1999இல் பிட்எக்ஸ்1ஐ இறக்கை மொட்டுல இயங்க வெச்சுப் பார்த்தாங்க. இறக்கை கால் சாயலுக்கு மாறிச்சு. காலில் இறகு முளைக்கிற கோழிகள்ல கதை தலைகீழ்: பிட்எக்ஸ்1, டிபிஎக்ஸ்5 பக்கத்துல இருக்கிற டிஎன்ஏ மாறிப்போய், காலுக்குக் கொஞ்சம் இறக்கைப் புத்தி.

பாயான் பாரு மாணவி:
விரலுக்கு வேற தண்டல், அங்கிள். மொட்டோட பின்னோரத்துச் செல்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக்னு ஒரு புரதத்தைக் கசியவிடும். (ஆமா, வீடியோ கேம் பேரேதான்.) கிட்ட இருக்கிற செல்லுக்கு நிறைய, தள்ளி இருக்கிறதுக்குக் கம்மி. எவ்வளவு, எத்தனை நேரம் கிடைச்சுதுங்கறதை வெச்சு எந்த விரல்னு முடிவாகும். சில்கியில அந்தப் புரதத்தை உண்டாக்குற மரபணு நல்லாத்தான் இருக்கு. அதை எழுப்புற சுவிட்சு மாதிரியான டிஎன்ஏ துண்டுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால முன்னோரத்துலயும் கசிஞ்சு, விரல் ஒண்ணு கூடுது.

நிபோங் திபால் கோழிக்காரன்:
ஒரு எழுத்துக்கே ஒரு விரலா! சரி, சில்கிச் சேவலைக் கம்போங் பெட்டையோட விட்டா?

செந்தூல் டீச்சர்:
அஞ்சு விரல் ஓங்கு பண்பு, பெரும்பாலான குஞ்சுக்கு வரும். சிலதுக்கு ஒரு காலில் மட்டும் வரலாம், சிலதுக்கு வராமலே போகலாம். ரெண்டு காலையும் எண்ணிப் பாருங்க.