அறிவியல் திருவிழா பிளக்ஸில் ராமனுக்குக் 'கடல் நீல' நோபல்!

உறையூர்வாசி: தேசிய அறிவியல் தினத்துக்காகத் திருச்சியில் நடந்த திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். ஒரு அரங்கில் ஆளுயர பிளக்ஸ், 'கடல் ஏன் நீலம் என்று கண்டுபிடித்ததற்காக சர் சி.வி. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு' என்று. நோபல் ராமன் விளைவுக்கய்யா! திருவானைக்காவலில் பிறந்தவரைப் பற்றித் திருச்சியிலேயே இப்படி எழுதினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

காவிரிக்கரை: ஆரம்பிச்சாச்சு. ஊரே திரவ நைட்ரஜனில் முக்கிய ரோஜாப்பூ அப்பளமாக நொறுங்குவதை வாய் பிளந்து பார்க்கிறது, சார் பிளக்ஸில் பிழை திருத்துகிறார். கடலைப் பார்த்துத்தானே ஆராய்ச்சியே தொடங்கியது? கடல் இல்லாமல் நோபல் ஏது?

உறையூர்வாசி: 1921இல் நர்குண்டா கப்பலில் திரும்பும்போது நிக்கோல் பட்டகம் என்கிற ஒளியை வடிகட்டும் படிகத்தை வைத்து வானத்தின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார், அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால்தான் என்றார், சரி. 1928 பிப்ரவரி 28இல் பார்த்தது வேறு. திரவத்தில் சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு போல அலைநீளம் மாறி வருகிறது, அதுதான் ராமன் விளைவு. கடல் நீலத்தில் அலைநீளம் மாறுகிறதா? மாறவில்லை. அப்புறம் எப்படி அதற்கு நோபல்?

காவிரிக்கரை: ஒளிச்சிதறல் ஆய்வுக்கும் அந்த விளைவுக்கும் சேர்த்துத்தான் நோபல் குழு கொடுத்தது. கடல் என்ன, ஒளிச்சிதறலில் சேராதா?

இயற்பியல்வாத்தி: ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகை இருக்கும் கனநீரில் அந்த நீலம் கிடையாது.

உறையூர்வாசி: ராமனையே திருத்த வந்துவிட்டீர்களா? நிழலில்லா நாள் விவாதத்தில் பாதியில் ஓடியவர்தானே நீங்கள்? நான் கேட்பது பிளக்ஸைப் பற்றி.

இயற்பியல்வாத்தி: ஓடவில்லை, விடைத்தாள் திருத்தப் போனேன்.

வத்திராயிருப்பான்: அந்த பிளக்ஸில் ராமனோடு ஆய்வு செய்த கே.எஸ். கிருஷ்ணன் பெயர் இருந்ததா? 1928 மார்ச் 31 நேச்சர் இதழ்க் கட்டுரையில் ராமன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. திருவிழா என்று வந்தால் மட்டும் எங்கள் ஊர்க்காரர் காணாமல் போய்விடுவார்.

காவிரிக்கரை: வந்துட்டாருய்யா!

உறையூர்வாசி: கிருஷ்ணன் பெரிய ஆள்தான், அவருக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். கடல் நீலத்துக்கு நோபல் இல்லை, அதைச் சொல்லுங்கள் முதலில். மாலை உரை முடிந்து கேள்வி நேரத்தில் இதைத்தான் எழுந்து கேட்டேன், ராமன் விளைவு என்கிற வார்த்தை வாயைவிட்டு வருவதற்குள் ஒரு தன்னார்வலர் 'சார், நேரமாகிவிட்டது' என்று மைக்கை வாங்கி, பின்வரிசையில் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார். அவன் கேட்டது வேற்றுகிரகவாசிகளைப் பற்றி. அதற்கு மட்டும் நேரம் இருந்தது!

காவிரிக்கரை: ஓகோ, மைக் போன கோபமா இது? அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து நர்குண்டா கப்பலையே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்.

உறையூர்வாசி: கப்பலைச் சொல்லாமல் 1921க்கும் 1928க்கும் வித்தியாசம் எப்படிச் சொல்வதாம்? நீங்கள்தான் ரெண்டையும் ஒன்றாகக் குழப்பி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களே.

வத்திராயிருப்பான்: கிருஷ்ணன் பெயர் இருந்ததா இல்லையா?

இயற்பியல்வாத்தி: உறிஞ்சுதல் பற்றி இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

காவிரிக்கரை: கடல் இல்லாமல் நோபல் ஏது என்று கேட்டேன். அதற்கும்தான் இல்லை.

உறையூர்வாசி: பிளக்ஸைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ராத்திரி ஏற்றுகிறேன். யாரும் ஓடிவிடாதீர்கள்.