ஒன்டாரியோவுல கட்டட வேலைக்குப் போற நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு: மணிக்கணக்கை விட்டுராதீங்க

கேள்வி: அக்கா, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பேட்டை ஐடிஐல எலக்ட்ரீசியன் முடிச்சிட்டு ரெண்டு வருசமா ஒரு கான்ட்ராக்டர்கிட்ட வயரிங் வேலை பாக்கேன். எங்க வீட்டுக்காரங்க கனடாவுல, ஒன்டாரியோ மாகாணம் பிராம்ப்டன்ல இருக்காவ. அங்க நிரந்தரமா தங்குத அனுமதி (பி.ஆர்.) வந்தாச்சு, அடுத்த மாசம் பிள்ளையோட கிளம்புதேன். அங்க பொம்பளைங்க ஸைட்டுக்குப் போவாவளா? எங்க அத்தை, “கனடாவுக்குப் போயும் கட்டட வேலையா?”ன்னு கேக்காவ.

பதில்: தங்கச்சி, நான் இப்போ லீவுக்குக் கல்லிடைக்குறிச்சி வந்துருக்கேன். இதை எழுதும்போது எதுத்தாப்ல ஒரு வீட்டுக்குத் தளம் போடுதாவ. நாலு பொம்பளைங்க, தலையில சும்மாடு, அதுக்கு மேல கலவைச் சட்டி. சாரப்பலகை வழியா ஏறுததும் இறங்குததுமா இருக்காவ. கரண்டியும் ரசமட்டமும் மேல நிக்க ஆம்பளைங்க கையில. எங்கம்மையும் இருபத்திரெண்டு வருசம் சித்தாளாத்தான் இருந்தா. பூசின சுவரைத் தெருவுல நின்னு பாத்தே எங்கன தள்ளியிருக்கு, எங்கன குழி விழுந்திருக்குன்னு சொல்லிருவா. ஆனா ஒரு நாளும் அவ கையில ஒருத்தரும் கரண்டியைக் குடுக்கல. கடைசி வரைக்கும் சித்தாள் சம்பளம்தான்.

உங்க அத்தை மனசுல இருக்க கட்டட வேலை இதுதான். அவியளைக் குத்தம் சொல்ல முடியாது. அங்க ஸைட்டுல நூத்துக்கு அஞ்சு பேரு பொம்பளைங்க இருந்தா அதிகம். ஆனா போனவ சட்டி சுமக்கப் போகல, தொழில் படிக்கப் போறா. அந்த வித்தியாசம் தானா வராது, எழுத்துல வாங்கணும். நான் அதைத் தெரியாமத்தான் முதல்ல ஏமாந்தேன்.

போன புதுசுல நம்ம ஆளு ஒருத்தர்தான் வேலைக்குக் கூப்பிட்டாரு. கையில காசு, பதிவு கிடையாது. “முதல்ல பழகும்மா, பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்”னாரு. எட்டு மாசம். கேபிள் இழுத்தேன், பெட்டி அடிச்சேன், குப்பையும் அள்ளினேன். அப்புறம் முறையா அப்ரென்டிஸா, அதாவது பதிஞ்சு தொழில் பழகுத ஆளா, சேந்தப்போ அந்த எட்டு மாசத்துல ஒரு மணி நேரம்கூடக் கணக்குல வரல. டாலர் போட்ட சித்தாளா இருந்துருக்கேன், அவ்வளவுதான்.

அதனால முதல்ல இதைப் புரிஞ்சிக்கிடுங்க. ஒன்டாரியோவுல எலக்ட்ரீசியன், பிளம்பர் மாதிரித் தொழிலைப் பதிவு இல்லாமச் செய்யவே கூடாது. தச்சு, டைல்ஸ், பெயின்டிங், செங்கல் வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்ல. நம்ம கட்டட எலக்ட்ரீசியன் வேலைக்கு (அங்க அதோட குறியீடு 309ஏ) மொத்தம் 9,000 மணி நேரம், கிட்டத்தட்ட அஞ்சு வருசம். நடுவுல மூணு கட்டமா காலேஜ் வகுப்பு. முடிவுல பரீட்சை, 70 சதவீதம் எடுக்கணும். உங்களை வச்சிக்கிட முதலாளியோ யூனியனோ கையெழுத்துப் போட்டு, 2022-ல வந்த ஸ்கில்டு ட்ரேட்ஸ் ஒன்டாரியோங்கற தொழில் பதிவு அமைப்புல பதிவு ஆனாத்தான் மணி ஓடத் தொடங்கும். யூனியன்ல ஆரம்பச் சம்பளம் பொதுவா லைசன்ஸ்காரர் சம்பளத்துல நூத்துக்கு நாப்பது, பைய ஏறும். மணிக்கணக்கு எழுதுத லாக்புக்கை வாராவாரம் எழுதி, மேல நிக்கவர்கிட்டக் கையெழுத்து வாங்கிருங்க. மாசக் கடைசியில மொத்தமா வாங்கிக்கிடலாம்னு விட்டா ஆளு ஸைட் மாறிருவாரு.

ஐடிஐ சர்டிபிகேட்டை நீட்டினதும் அங்க லைசன்ஸ் குடுத்துர மாட்டாங்க. ஆனா பாத்த வேலைக்கு மதிப்பு உண்டு. ஊர் அனுபவத்தைச் சரிபாத்து நேரே பரீட்சைக்கு விடுததுக்கும் ஒரு வழி இருக்கு. ரெண்டு வருசம் அதுக்குக் காணாது. ஆனாலும் கான்ட்ராக்டர்கிட்ட லெட்டர்பேடுல, இங்கிலீஷ்ல, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன வேலைன்னு எழுதி வாங்கிருங்க. விமானம் ஏறின பிறகு வாட்ஸ்அப்புல கேட்டா “அனுப்புதேம்மா”ம்பாரு, வராது.

இன்னொண்ணு, இது உயிர் விசயம். நம்ம ஊர்ல கருப்பு வயர் நியூட்ரல். அங்க கருப்புதான் கரண்ட் வர்ற வயர், வெள்ளைதான் நியூட்ரல். வீட்டு பிளக்குல 120 வோல்ட். சுவரெல்லாம் மரச்சட்டம், காடி வெட்டுத வேலையே கிடையாது, சட்டத்துல துளை போட்டுக் கேபிளை இழுக்கணும். கை பழகினது மூளைக்கு முன்னாடி ஓடும். முதல் ஆறு மாசம் ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வச்சுப் பாக்காமத் தொடாதீங்க.

உடுப்பு விசயத்தை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, நான் சொல்லுதேன். மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் கரண்ட் வேலையில ஆகாது. தாலிச்செயினைக் கழட்டணுமேன்னு எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல. எங்க மாமியார்தான், “மஞ்சக்கயித்தைக் கட்டிக்கோ, பொன்னு வீட்டுல இருக்கட்டும்”னாவ. நான் தயங்கினதுக்கு அவியதான் தெளிவு. மெட்டியும் பூட்ஸுக்குள்ள கால் வீங்கினா விரலை இறுக்கிரும். பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள்ள விட்டுருங்க. பூட்ஸை இங்க வாங்காதீங்க. பச்சை முக்கோணத்தோட சிஎஸ்ஏங்கற கனடாத் தர முத்திரை போட்ட பூட்ஸ் வேணும், அது அங்கதான் கிடைக்கும். இரும்பு முனைக்குப் பதிலா காம்போசிட் முனை பாருங்க. மைனஸ் இருபதுல இரும்பு விரலைக் கடிக்கும்.

எனக்கு முதல்ல குடுத்த கையுறை ஆம்பளை லார்ஜ். திருகாணி பிடிக்க முடியாம டேப் சுத்திக்கிட்டு வேலை பாத்தேன். உயரத்துல விழாம இருக்க மாட்டுத ஹார்னஸ் பெல்ட் தொடையில நிக்காது. கூச்சப்பட்டுக் கேக்கல. கேட்டுருக்கணும், பாதுகாப்புச் சாமான் போடுதவங்க உடம்புக்குப் பொருந்தணும்ங்கது சட்டம். பெரிய ஸைட்டுல பொம்பளைங்களுக்குன்னே தனிக் கழிப்பறையும் 2023 ஜூலை 1-ல இருந்து கட்டாயம். தண்ணி குடிக்காம இருந்து சமாளிக்காதீங்க, நம்ம ஊர்ப் பழக்கம் அது. உயரத்துல ஏறி வேலை பாக்க ‘ஒர்க்கிங் அட் ஹைட்ஸ்’ பயிற்சி முடிச்சிருக்கணும், மூணு வருசம் செல்லும். ஆபத்துன்னு தெரிஞ்ச வேலையை மாட்டேன்னு சொல்ல உரிமை இருக்கு. ஒருத்தன் வாயோ கையோ நீண்டா அன்னைக்கே தேதி, நேரம், பக்கத்துல நின்னவங்க பேரு எல்லாம் எழுதி வச்சிட்டு மேல சொல்லுங்க. மனித உரிமைச் சட்ட உதவி மையத்துல காசு வாங்காம வழி சொல்லுவாங்க.

ஆதரவுக்குப் பொம்பளைங்க அமைப்பு இருக்கு. டொரோன்டோவுல கனடியன் அசோசியேஷன் ஆஃப் விமன் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன், யூனியன் பக்கம் பில்டு டுகெதர். நான் ஒரு கூட்டத்துக்குப் போயி மூலையில உக்காந்திருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்த பிளம்பர் அக்காதான் இப்போ நான் இருக்க கம்பெனிக்கு என் பேரைச் சொன்னது. முதலாளி கிடைக்கலைன்னா அப்ரென்டிஸ் ஆகுததுக்கு முன்னாடி நடத்துத ப்ரீ-அப்ரென்டிஸ்ஷிப் வகுப்புல சேருங்க. பீஸ் இல்ல, புத்தகம், பாதுகாப்புச் சாமான் தருவாங்க, வேலைப் பயிற்சிக்கும் அனுப்புவாங்க. பெண்களுக்கு மட்டும்னே சிலது நடக்கும். இங்கிலீஷ் தயக்கம்னா பி.ஆர். ஆளுக்கு லிங்க்ங்கற அரசு இங்கிலீஷ் வகுப்பு இலவசம்.

கேள்வி: யூடியூப்ல பெண் அப்ரென்டிஸுக்கு மானியம் உண்டுன்னு பாத்தேன்க்கா. பிள்ளைக்கு மூணு வயசு, அதை யாரு பாப்பா?

பதில்: அந்த மத்திய அரசு மானியம் 2025 மார்ச் 31-ஓட நின்னு போச்சு. வீடியோ மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. வகுப்புக் காலத்துக்கு ஒவ்வொரு தடவையும் 4,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் உண்டு, அப்போ வேலை இல்லாத காலத்துக்கான காப்பீட்டுப் பணமும் (இ.ஐ.) கேக்கலாம்.

பிள்ளை விசயந்தான் நிசமான தலைவலி. அரசுத் திட்டத்துல இருக்க டேகேர்ல 2025-ல இருந்து ஒரு நாளைக்கு 22 டாலருக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா வேலை காலையில ஏழு மணிக்கு, நிறைய டேகேர் திறக்கதே ஏழு மணிக்குத்தான். நானும் வீட்டுக்காரங்களும் ஷிப்ட்டை மாத்தித்தான் சமாளிச்சோம். காத்திருப்புப் பட்டியல் நீளம், இங்க இருந்தே இன்னைக்கே பேரைப் பதிஞ்சிருங்க. அடுத்த பிள்ளைக்கு யோசனை இருந்தா இதையும் கேட்டுக்கிடுங்க. பிரசவ லீவு 17 வாரம் உண்டு, ஆனா இ.ஐ. பணம் வர 600 மணி நேரம் கணக்குல இருக்கணும். கைக்காசு வேலைக்கு அது வராது.

கேள்வி: அக்கா, கான்ட்ராக்டர் அண்ணாச்சி லெட்டர் குடுத்துட்டாரு. போட்டோ வச்சிருக்கேன், பாருங்க.

பதில்: பாத்தேன். தேதி இருக்கு, மணி இல்ல. அதோட “வயரிங் வேலைகளில் உதவினார்”ங்கற மாதிரி எழுதியிருக்காரு. அந்த ‘உதவினார்’ ஆகாது. நீ செஞ்சதை வரிசையா எழுதிக் குடு: காடி வெட்டிப் பைப் பதிச்சது, டிபி போர்டு கட்டினது, எர்த் போட்டது, மோட்டார் கனெக்‌ஷன் குடுத்தது. அண்ணாச்சியைச் சாயங்காலமே பாத்துரு, ரப்பர் ஸ்டாம்பையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லு.