வளைந்த அகலத்திரை: 34 அங்குலமா, 49 அங்குலமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
கார்ப் பந்தய விளையாட்டுகளுக்காக வளைந்த அகலத்திரை ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். மேசையின் அகலம் 120 சென்டிமீட்டர். கண்ணுக்கும் திரைக்கும் இடையே 70 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். 34 அங்குலம் போதுமா, 49 அங்குலத்துக்கே போய்விடலாமா?

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
49 அங்குலத் திரை வளைந்த நிலையிலும் சுமார் 115 சென்டிமீட்டரை அடைத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் மேசையில் ஸ்பீக்கர் வைக்கக்கூட இடம் மிஞ்சாது. அதைவிட முக்கியமானது, கணினியில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு: 34 அங்குலத்தில் வரும் 3440×1440 திரைக்கு ஒவ்வொரு முறை படம் மாறும்போதும் ஏறத்தாழ 50 லட்சம் பிக்சல்களை (படப்புள்ளிகளை) வரைந்தால் போதும், 49 அங்குலத்தில் வரும் 5120×1440 திரைக்கோ 74 லட்சம் வரைய வேண்டும். வளைவைப் பொறுத்தவரை, 1000ஆர் என்பது 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில், 1800ஆர் என்பது 1.8 மீட்டர், ஆகவே நெருங்கி அமரும் உங்களுக்கு 1000ஆர் நன்றாகப் பொருந்தும், ஆனால் அதே திரையில் கட்டட வரைபடம் போடுபவர் நேர்கோடு வளைந்து தெரிகிறதென்று முணுமுணுப்பார் (என் தம்பி அப்படித்தான்).

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
மஞ்சக்குப்பம் நண்பர் கூறியது சரியே. பேனலையும், அதாவது படம் காட்டும் தகட்டின் வகையையும், கவனியுங்கள். என் பழைய விஏ (எல்சிடியில் ஒரு வகை) திரையில், இரவுப் பந்தயத்தின்போது சாலையோர மரங்கள் ஈரமான மையைத் துடைத்தாற்போல் இழுபட்டன. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் அந்தத் தொல்லை இல்லை. எனினும் வேகமானிபோல் அசையாமல் நிற்கும் படம் நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 34 அங்குலத் திரையின் அகலமான சுமார் 80 சென்டிமீட்டருக்கு நாளிதழை வெட்டி மேசைமீது நிறுத்திப் பார்த்தேன்; 34 அங்குலமே போதும்.