செர்னோபில் பார்த்தாச்சு, அடுத்து என்ன பார்க்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். 1986இல் சோவியத் யூனியனில் நடந்த அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வந்த ‘செர்னோபில்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். மொத்தமே ஐந்து எபிசோடுகள். வெடித்த உலையிலிருந்து சிதறித் தரையில் கிடக்கும், கதிர்வீச்சு நிறைந்த கிராஃபைட் துண்டை ஒரு தீயணைப்பு வீரர் சாதாரணமாகக் கையில் எடுப்பார். கொஞ்ச நேரத்தில் வலி தாங்காமல் துடிப்பார். அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது கூடவே வந்த பாட்காஸ்ட். எபிசோடுக்கு ஒன்று. எது நிஜமாக நடந்தது, எதைக் கதைக்காக மாற்றினோம் என்று தொடரை எழுதிய கிரெய்க் மேசினே மனம்விட்டுப் பேசுகிறார். உலானா கோம்யுக் என்ற விஞ்ஞானி பலரைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் என்பதையெல்லாம் மறைக்கவே இல்லை. அந்த நேர்மை ரொம்பப் பிடித்துப்போனது.

இதே மாதிரி உண்மைச் சம்பவத் தொடரும், அதை எடுத்தவர்களே பேசும் பாட்காஸ்டும் சேர்ந்து கிடைத்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், அம்மாவும் சேர்ந்து கேட்பார்.

அப்புறம், அறிவியல் புனைவுப் படங்களும் வேண்டும். ‘அரைவல்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் மை போன்ற புகையால் வட்ட வட்டமாக எழுதுவார்களே, அதைப் புரிந்துகொள்ளத்தான் படம் முழுக்கப் போராட்டம். அப்படி, சண்டையை நம்பாமல் யோசிக்க வைக்கும் படங்கள் எவை? எந்தத் தளத்தில் கிடைக்கும் என்றும் எழுதினால் பெரிய உதவி.