இம்பிளாண்ட்: 4 கிழமையில் ஐஎஸ்க்யூ 74இலிருந்து 65க்கு இறங்கியிருக்கிறது

ஹட்டன் பல் கிளினிக்:
கீழ்த்தாடை முதலாவது கடைவாய்ப் பல் இடத்தில் 4.3 × 10 மி.மீ. இம்பிளாண்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் திருகு). இறுக்கிய விசை 35 நியூட்டன் சென்டிமீற்றர். வைத்த அன்று ஐஎஸ்க்யூ (இம்பிளாண்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைக் காட்டும் 1–100 எண்) 74, 4ஆம் கிழமை 65. வலி, சீழ், ஆட்டம் எதுவும் இல்லை. தோட்டத்து ஆள், புகையிலையோடு வெத்திலை போடுபவர், சீனி வருத்தமும் உண்டு. 8ஆம் கிழமை கிரௌன் (மேலே பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாமா? எலும்புக்கு எக்ஸ்ரே மட்டும் போதுமா?

கண்டி முரசு:
டொக்டர், 65 பயப்படும் எண் அல்ல. முதல் நாள் காட்டுவது திருகை எலும்பு நெருக்கிப் பிடிக்கும் பிடி. நசுங்கிய எலும்பு கரைந்து புது எலும்பு முதிரும் வரை, 3, 4ஆம் கிழமை வாக்கில், அந்தப் பிடி தளரும். 60க்குக் கீழே போனால்தான் கவனம் வேண்டும்.

அதற்கு முன் அளவு சரியா என்று பாருங்கள். அந்த இம்பிளாண்டுக்கே உரிய பெக்தானா (அளப்பதற்காக அதில் திருகும், காந்தமுள்ள சிறு முளை)? அடியில் முரசு, அதாவது ஈற்றுத் துணுக்கு சிக்கினால் எண் பொய்யாகக் குறையும். பெக்கை விரலால் 4–6 நியூட்டன் சென்டிமீற்றர் இறுக்கினால் போதும். கருவியின் முனை காந்தத்தைத் தொடாமல் 2–4 மி.மீ. தள்ளி நிற்கட்டும். கன்னம்–நாக்குத் திசையிலும் பல் வரிசைப் போக்கிலும் தனித்தனியே அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

8ஆம் கிழமை 70 தாண்டினால் கிரௌன் வைக்கலாம். 60களில் நின்றால் இன்னும் 4 கிழமை பொறுப்பேன். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரிச் சீனி அளவு) 8 சதவீதத்துக்கு மேலிருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும்.

நுவரெலியா எக்ஸ்ரே:
ஐஎஸ்க்யூ விளிம்பு எலும்பின் நோயைக் காட்டாது. எக்ஸ்ரே கன்னப் பக்க எலும்பைக் காட்டாது. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. படத்தை இணைகோட்டு முறையில் (படத்தகடு இம்பிளாண்டுக்கு இணையாக இருக்கும்படி) எடுங்கள். இரு பக்கமும் திருகின் புரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், மங்கினால் கோணம் பிழை. புரி இடைவெளி தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்து எலும்பு மட்டத்தைக் கணக்கிடலாம்.

கிரௌன் வைத்த பிறகு முதற்படமும் முரசு ஆழமும் பதிவாக வேண்டும். ஆழம் அளக்கும் புரோபை 0.25 நியூட்டனுக்கு மேல் அழுத்தாதீர்கள். முதலாண்டில் 2 மி.மீ. வரை எலும்பு தாழ்வது ஆறும்போது வரும் இயல்பான மாற்றமாக இருக்கலாம். பழைய பதிவே இல்லாதவரிடம் ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், இரத்தக் கசிவு, எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறக்கம் மூன்றும் சேர்ந்தால் அது பெரி-இம்பிளாண்டைடிஸ் (இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு கரையும் அழற்சி).

கிரௌன் ஆடினால் உடனே இம்பிளாண்ட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அபட்மென்ட் ஸ்க்ரூ (கிரௌனைத் தாங்கும் துண்டை இம்பிளாண்டோடு இணைக்கும் திருகு) தளர்ந்திருக்கலாம், அதைத் திறந்து பாருங்கள்.

பண்டாரவளை:
புகையிலையை நிறுத்தச் சொல்வதுதான் இவருக்கு முதல் மருந்து. வெத்திலைச் சுண்ணாம்பு படிந்த காரையை ஸ்டீல் முனையால் சுரண்டாமல் பிளாஸ்டிக் அல்லது டைட்டேனியம் முனையால் எடுங்கள்.

இம்பிளாண்ட் கம்பனி, விட்டம், பெக் எண், இரு திசை ஐஎஸ்க்யூ எல்லாம் அவருடைய கிளினிக் கொப்பியிலும் இருக்கட்டும். கொழும்பில் இம்பிளாண்ட் வைத்துவிட்டு இங்கே காட்ட வருகிறவர்களிடம் இது இல்லாவிட்டால் எந்தப் பெக் போடுவதென்றே தெரியாது.

ஹட்டன் பல் கிளினிக்:
கொப்பியைப் பார்த்தேன். 74 பல் வரிசைப் போக்கில் எடுத்தது, 65 கன்னப் பக்கம்.

கண்டி முரசு:
அப்படியென்றால் 9 இறங்கியது என்று சொல்லவே முடியாது. கன்னப் பக்க எலும்பு மெல்லியது, அங்கே பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். அடுத்த முறை இரு திசையும் எடுத்து, 65ஐ அதே கன்னப் பக்க எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.