அனிஷாக்க புரோமின் சந்தேகம்

அனிஷா: சின்ன மாமா, நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். மீத்தேன்-குளோரின் ரியாக்ஷனுக்கு வெளிச்சம் வேணுமாம். எத்திலீனை புரோமின் தண்ணியில விட்டா இருட்டுலயும் நெறம் போவுமாம். ரெண்டும் ஹைட்ரோகார்பன் தானே?

மார்த்தாண்டம் அத்தை: காலைலயே குரூப்புல பரீட்சையா 😄

சின்ன மாமா: வெளிச்சம் மீத்தேனுக்கு இல்ல மக்ளே, குளோரினுக்கு. வெளிச்சத்துல குளோரின் மூலக்கூறு ரெண்டு ரேடிக்கலா, அதாவது ஜோடியில்லாத எலெக்ட்ரான் உள்ள துண்டா, ஒடையும். அதுல ஒண்ணு மீத்தேன்ட்டருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். மிஞ்சின மெத்தில் ரேடிக்கல் இன்னொரு குளோரின் மூலக்கூறுல மோதி குளோரோமீத்தேன் ஆவும். அப்ப ஒரு குளோரின் அணு வெளிய சாடும். அது அடுத்த மீத்தேனுக்குப் போவும்.

அனிஷா: அப்ப நிக்கவே நிக்காதா?

சின்ன மாமா: ரெண்டு ரேடிக்கல் தங்களுக்குள்ள சேந்தா அந்தச் சங்கிலி முடிஞ்சுது. ரெண்டு மெத்தில் சேந்தா ஈத்தேன். மீத்தேன்ல தொடங்கினதுல ஈத்தேன் எப்டி வந்துச்சுன்னு கேட்டா இதை எழுது.

சின்ன மாமா: குளோரின் கூடினா டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடுன்னு எல்லாம் கலந்து வரும். மொதல் ஆளு மட்டும் போதும்னா மீத்தேனை நெறைய எடுக்கணும்.

குலசேகரம் பெரியப்பா: அப்ப மீத்தேன் நெறஞ்ச பஸ்சு. ஒருத்தன் எறங்கினாத்தான் இன்னொருத்தன் ஏறலாம்.

சின்ன மாமா: அதே தான் அண்ணே 👍 எத்திலீன்ல யாரும் எறங்க வேண்டாம். அதுல ரெண்டு கார்பனுக்கு நடுவுல இரட்டைப் பிணைப்பு உண்டு. அதுல ரெண்டாவதான பை பிணைப்பு லேசானது. அந்த எலெக்ட்ரான் புரோமினை இழுத்துக்கிடும், ரெண்டு கார்பன்லயும் ஒவ்வொரு புரோமின் ஒட்டும்.

அனிஷா: 1,2-டைபுரோமோஈத்தேன்!

சின்ன மாமா: டெஸ்டுக்கு அதை எழுது. கார்பன் டெட்ராகுளோரைடுல கரைச்ச புரோமினுக்கு அது சரி. தண்ணின்னா நடுவுல தண்ணி மூலக்கூறு பூந்துரும், கூடுதலா வாறது 2-புரோமோஎத்தனால். புக்குக்காரங்க இதை விட்டிருவாங்க, எனக்கு அது பிடிக்காது.

சின்ன மாமா: லேப்ல புரோமின் விட்ட ஹெக்சேன் டியூபை ஜன்னல் வெயில்ல வைக்காத கேட்டியா. ஹெக்சேன்ல மீத்தேன் மாதிரி இரட்டைப் பிணைப்பு இல்ல. ஆனாலும் வெயில்ல மெள்ள நெறம் போயிரும். அப்ப ஹைட்ரஜன் புரோமைடு வாயு வரும். அம்மோனியாவுல முக்கின கண்ணாடிக் குச்சியைக் கிட்ட காட்டினா வெள்ளப் பொகை.

மார்த்தாண்டம் அத்தை: எடே தம்பி, இதை வச்சு தேங்காண்ணெயில கலப்படம் பாக்க ஒக்குமா? போன தடவை வாங்கினதுல வாசமே இல்ல

சின்ன மாமா: ஒக்கும் எக்கா. அதுக்குத்தான் அயோடின் மதிப்பு. புரோமின் மாதிரி அயோடினும் இரட்டைப் பிணைப்புல ஒட்டும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடின் எடுக்கும்னு பாப்பாங்க. தேங்காண்ணெயில இரட்டைப் பிணைப்பு கம்மி, 7.5 முதல் 10 வரைக்கும் தான். சூரியகாந்தி எண்ணெய் 100க்கு மேல. அதைக் கலந்தா எண் ஏறிரும்.

மார்த்தாண்டம் அத்தை: அப்ப கள்ளன் மாட்டுவான்

சின்ன மாமா: லிக்விட் பாரஃபின் கலந்தா இதுல மாட்ட மாட்டான். அது ஆல்கேன், இரட்டைப் பிணைப்பு இல்லாத ஹைட்ரோகார்பன், அயோடினைத் தொடாது. அதுக்கு சோப்பாக்குற டெஸ்ட் வேணும், பாரஃபின் சோப்பாவாது. வீட்டுல பாக்குற வேலையில்ல, லேபுக்குத்தான் குடுக்கணும்.

குலசேகரம் பெரியப்பா: நம்ம ரப்பர் பால்ல உண்டா இந்த இரட்டைப் பிணைப்பு?

சின்ன மாமா: ஒவ்வொரு ஐசோப்ரீன் துண்டுலயும் ஒண்ணு உண்டு அண்ணே. பழைய ரப்பர் காத்துல கெடந்து வெடிக்குறதுல்ல? ஓசோன் அங்க தான் கடிக்கும்.

அனிஷா: மாமா, புரோப்பீன்ல ஹைட்ரஜன் புரோமைடு?

சின்ன மாமா: ஹைட்ரஜன் கூடுதல் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போவும், 2-புரோமோபுரோப்பேன். இது மார்க்கோவ்னிகாஃப் விதி. பெராக்சைடு போட்டா தலைகீழ், 1-புரோமோபுரோப்பேன். இந்தத் தலைகீழ் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும், ஹைட்ரஜன் குளோரைடுக்கு எழுதிராத.

அனிஷா: 🙏🙏 ஸ்கூல் பஸ் வந்துட்டு